எட்டே காலுக்கு அடித்த மணி

2016 ஜூலையில் சிங்கப்பூரின் நன்யாங் பெண்கள் உயர்நிலைப் பள்ளி தன் காலை மணியை 45 நிமிடம் தள்ளி வைத்தது. ஏழரைக்குத் தொடங்கிவந்த பள்ளி எட்டே காலுக்குத் தொடங்கியது. பாட அட்டவணையைக் கலைத்து மறுபடி அடுக்கினார்கள், அவ்வளவுதான். ஆனால் இருட்டோடு எழுவதை ஒழுக்கத்தின் அடையாளமாகக் கருதும் ஊரில் இது சின்ன மாற்றமில்லை. விடியுமுன்பே புளோக்குக்குக் கீழே பள்ளிப் பேருந்து வந்து நிற்பதும், பிள்ளைகள் அரைக்கண்ணோடு மைலோவைக் குடித்துவிட்டு மின்தூக்கிக்கு ஓடுவதும் இங்கே யாருக்கும் புதினமில்லை.

அப்போது டியூக்-என்யூஎஸ் மருத்துவப் பள்ளியில் தூக்கத்தை ஆராய்ந்துவந்த மைக்கேல் சீ, ஜோஷுவா கூலி ஆகியோரின் குழு, அந்தப் பள்ளியில் 375 மாணவிகளைப் பின்தொடர்ந்தது. மணி மாறுவதற்கு முன்பு ஒரு முறையும், மாறி ஒரு மாதம் கழித்தும், ஒன்பது மாதம் கழித்தும் அளந்தார்கள். பெற்றோர் சொல்லிவந்த ஆட்சேபம் நியாயமானதே: காலையில் முக்கால் மணி நேரம் கொடுத்தால் இரவில் முக்கால் மணி நேரம் கூடுதலாக விழித்திருப்பார்கள், கைப்பேசிக்குத்தான் லாபம். நடந்தது வேறு. ஒரு மாதத்தில் படுக்கப்போகும் நேரம் சராசரியாக 9 நிமிடம் பின்னால் போயிருந்தது. எழும் நேரம் ஏறத்தாழ 32 நிமிடம் பின்னால் போயிருந்தது. படுக்கையில் கழித்த நேரம் 23 நிமிடம் கூடியது. ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தபோதும் அது கரைந்துபோகவில்லை. உண்மையில் தூங்கிய நேரமோ பத்து நிமிடமே கூடியிருந்தது. பத்து நிமிடத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். ஆனாலும் மாணவிகள் பகலில் தூக்கக்கலக்கம் குறைந்ததாகவும் மனநிலை மேம்பட்டதாகவும் இரண்டு முறையும் சொன்னார்கள். 2018இல் 'ஸ்லீப்' ஆய்விதழில் இந்த முடிவுகள் வெளிவந்தன. ஒப்பிட வேறொரு பள்ளி இல்லை. எனவே மனநிலை மேம்பட்டதற்கு மணி ஒன்றே காரணம் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் திசை தெரிகிறது.

இதன் உடலியல் பழைய செய்தி. பருவமடையும்போது மூளையின் கடிகாரம் பின்னால் நகர்கிறது. இருட்டியதும் சுரந்து தூக்கத்துக்கு ஆயத்தம் செய்யும் மெலட்டோனின், பதினைந்து வயதுப் பிள்ளைக்கு எட்டு வயதுத் தம்பியைவிடப் பிந்தித்தான் சுரக்கத் தொடங்குகிறது. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் மேரி கார்ஸ்கடன் பல ஆண்டுகள் உழைத்து இதை நிலைநாட்டினார். 2014இல் அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்களின் சங்கம், பதின்ம வயதினரின் பள்ளிகள் எட்டரைக்கு முன் தொடங்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. பதினைந்து வயதுப் பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டும் வீடுகளில் பாதிச் சண்டை சுரப்பியோடு நடக்கும் சண்டை.

பள்ளிகளில் நடக்கும் மனநலத் திட்டங்களைப் பற்றிய அத்தியாயத்தை நான் தூக்கத்தில் தொடங்கக் காரணம் இருக்கிறது. இந்தத் துறையில் பெரும்பாலான திட்டங்கள் பிள்ளையின் மனத்தைத் திருத்தப் புறப்படுகின்றன: மூச்சுப் பயிற்சி, எண்ணங்களைக் கவனிக்கும் பாடம், உணர்ச்சிகளுக்குப் பெயர் வைக்கும் பயிற்சித் தாள். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வந்த பெரிய சோதனைகளைப் படித்தபின் எனக்கு வலுப்பட்ட எண்ணம் வேறு. பள்ளி தன்னைத் திருத்திக்கொண்டபோது, அதாவது தன் நேரத்தையும் தேர்வையும், ஒரு பிள்ளை வாய்திறந்தால் யார் காதில் அது விழும் என்ற ஏற்பாட்டையும் மாற்றியபோது, கிடைத்த பலன் கூடுதல்.

முதலில் சிங்கப்பூரின் நிலவரம். தேசியப் பல்கலைக்கழகத்தின் யோங் லூ லின் மருத்துவப் பள்ளி 2020 முதல் 2022 வரை 10 முதல் 18 வயது வரையுள்ளவர்களிடம் ஓர் ஆய்வு நடத்தியது. மூவரில் ஒருவர் சோகம், பதற்றம், தனிமை போன்ற உள்ளுக்குள் அழுத்தும் அறிகுறிகளைச் சொன்னார்கள். இந்த எண் நாளிதழ்களில் பெரிய எழுத்தில் வந்தது, வீடுகளில் பேசப்பட்டது. அதே ஆய்வின் இன்னொரு எண்ணைப் பலர் கவனிக்கவில்லை: நேர்காணல் செய்து நோயறியும் அளவுகோலை வைத்துப் பார்த்தால், ஏதாவதொரு மனநலக் கோளாறு இருந்தவர்கள் சுமார் 12 விழுக்காடு. மனநலக் கழகம் 15 முதல் 35 வயது வரையுள்ளவர்களிடம் நடத்தி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வில், கடுமையான அல்லது மிகக் கடுமையான மனச்சோர்வு, பதற்றம், மனஅழுத்தம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றின் அறிகுறி இருந்தவர்கள் 30.6 விழுக்காடு.

முதல் ஆய்வின் முப்பத்து மூன்றுக்கும் பன்னிரண்டுக்கும் இடையே உள்ள அந்த இருபது சொச்சம்தான் பள்ளியின் களம் என்பது என் கணிப்பு. நூறில் பன்னிரண்டு பேருக்கு மருத்துவர் வேண்டும். மீதி இருபது பேருக்கு வேண்டியது மருத்துவமனையில் இல்லை. நல்ல தூக்கம், கிண்டல் இல்லாத வகுப்பு, கேட்க ஒரு ஆள், தோற்றாலும் வீட்டுக்குப் போகலாம் என்ற நம்பிக்கை. அவர்களை நோயாளிகள் என்று அழைத்துவிட்டால் பன்னிரண்டு பேருக்கு உரிய வரிசை நீண்டுவிடும். ஒன்றுமில்லை, சும்மா பாவனை என்று தள்ளிவிட்டால் பன்னிரண்டு நாளைக்குப் பதினைந்தாகும். வாழ்நாளில் வரும் மனநலக் கோளாறுகளில் பாதி 14 வயதுக்குள்ளும், முக்கால்வாசி 24 வயதுக்குள்ளும் தொடங்குகின்றன என்று அமெரிக்காவில் ரொனால்டு கெஸ்லர் குழு 2005இல் கணக்கிட்டது. அந்தப் பதினான்கு வயதில் பிள்ளை விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதி பள்ளிச் சீருடையில் கழிகிறது.

சரி, பாடம் நடத்தினால் என்ன? சிங்கப்பூர்க் கல்வி அமைச்சு 2021 முதல் குணநலன், குடியியல் கல்வியைப் புதுப்பித்து அதில் மனநலத்தைச் சேர்த்தது. சாதாரணத் துயரத்துக்கும் நோய்க்கும் வேறுபாடு என்ன, உதவி கேட்பது எப்படி, மனநோய் உள்ளவரை எப்படி நடத்துவது என்றெல்லாம் பேசுகிறது அது. அறிவு என்ற அளவில் இதற்கு ஆட்சேபம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அறிவு மனநிலையை மாற்றுமா என்பது தனிக் கேள்வி. பிரிட்டனில் 85 பள்ளிகளை, எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மனக்கவனப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். 'மைரியட்' என்று பெயர். ஆசிரியர்களுக்கே முதலில் பயிற்சி கொடுத்து, பல ஆண்டு உழைப்பில் நடந்த சோதனை. 2022இல் முடிவு வந்தது: வழக்கமான வகுப்பைவிட எந்தக் கூடுதல் பலனும் இல்லை. முன்பே சிரமத்தில் இருந்த பிள்ளைகள் சிலருக்குச் சற்றே பாதகம் தென்பட்டது. பெரும்பாலோர் வீட்டில் அந்தப் பயிற்சியைச் செய்யவேயில்லை. 2023இல் ஆஸ்திரேலியாவில் இருந்து வந்த முடிவு இன்னும் சங்கடமானது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு உணர்ச்சிகளைக் கையாளும் திறன்களைக் கற்றுக்கொடுத்த பாடத்திட்டம் அது. முடிந்த கையோடு அளந்தபோது, பாடம் படித்தவர்களுக்குப் பெற்றோருடனான உறவு, படிக்காதவர்களைவிட மோசமாக இருந்தது.

பிரிட்டனின் உளவியலாளர் லூசி ஃபோக்ஸ் இதற்கு ஒரு விளக்கம் முன்வைக்கிறார். மனநோயைப் பற்றியே ஓயாமல் பேசிக்கொண்டிருந்தால், சாதாரணக் கலக்கத்தையும் சிலர் நோயென்று படிக்கத் தொடங்குகிறார்கள். அப்படிப் படித்ததால் அது வளர்கிறது. இன்னும் நிரூபிக்கப்படாத கருதுகோள்தான். இதைப் பிடித்துக்கொண்டு, 'நாங்கள் எல்லாம் இப்படியா வளர்ந்தோம்?' என்று கிளம்பும் மாமாக்களுக்கு இது ஆதரவு என்று எண்ணிவிட வேண்டாம். அவர் சொல்வது, எல்லாருக்கும் ஒரே மருந்தை ஊற்றாதீர்கள் என்பதுதான்.

ஆனால் வகுப்பறையில் நடந்து, வென்ற திட்டம் ஒன்றும் இருக்கிறது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த ஆய்வு அதுதான், ஏனென்றால் அதன் முடிவு பெரியவர்களாகிய நம் தன்மானத்தைக் கொஞ்சம் சீண்டுகிறது. ஐரோப்பாவின் பத்து நாடுகளில், 168 பள்ளிகளில், சராசரியாகப் பதினைந்து வயதான 11,110 பேரிடம் நடந்தது. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த டானுட்டா வாசர்மன் தலைமை வகித்தார். பள்ளிகளைக் குலுக்கிப் போட்டு நான்கு கூட்டமாகப் பிரித்தார்கள். முதல் கூட்டத்தில், ஆபத்தில் இருக்கும் பிள்ளையை அடையாளம் காண ஆசிரியர்களுக்குப் பயிற்சி. இரண்டாவதில், வினாத்தாள் கொடுத்து வல்லுநர்களே சலித்தெடுத்து மருத்துவரிடம் அனுப்பும் ஏற்பாடு. மூன்றாவதில், பிள்ளைகளே பங்கெடுக்கும் 'யாம்' என்ற திட்டம். நான்காவதில் சுவரொட்டிகள் மட்டும். ஓராண்டு கழித்து, புதிதாகத் தற்கொலைக்கு முயன்றவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தார்கள். சுவரொட்டிக் கூட்டத்தில் 1.51 விழுக்காடு. 'யாம்' கூட்டத்தில் 0.70. ஏறத்தாழப் பாதி. ஆசிரியர் பயிற்சியும் வல்லுநர் சலித்தெடுப்பும் சுவரொட்டியிலிருந்து உறுதியாக வேறுபடவில்லை.

'யாம்' என்ன செய்தது? நான்கு வாரத்தில் மொத்தம் ஐந்து மணி நேரம்; அதில் மூன்று மணி நேரம் நடிப்பு. வீட்டில் சண்டை, தோழி பேசாமல் போய்விட்டாள், என்ன செய்வதென்று தெரியவில்லை என்ற நிலைமைகளைப் பிள்ளைகள் தாங்களே நடித்துப் பார்த்தார்கள். ஒரு தோழன் 'வாழப் பிடிக்கவில்லை' என்றால் என்ன சொல்வது, யாரிடம் போவது என்று நடித்தார்கள். கையில் ஒரு சிறு நூல், சுவரில் சில படங்கள், முதலும் கடைசியுமாக இரண்டு உரைகள். வகுப்பாசிரியர் அதை நடத்தவில்லை. வெளியிலிருந்து வந்தவர்கள் நடத்தினார்கள். மைரியட்டின் பிள்ளை தன் மூச்சைக் கவனித்தது. யாமின் பிள்ளை பக்கத்து நாற்காலியில் இருப்பவளைக் கவனித்தது.

பதின்ம வயது மூளைக்குப் பக்கத்து நாற்காலி எவ்வளவு பெரிய விஷயம் என்பதை லாரன்ஸ் ஸ்டைன்பர்க் ஒரு கார் விளையாட்டை வைத்துக் காட்டினார். மஞ்சள் விளக்கு எரிகிறது, நிறுத்துவதா, பாய்வதா? தனியாக விளையாடும்போது சிறுவர்களுக்கும் பெரியவர்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. நண்பர்கள் பின்னால் நின்று பார்த்தால் சிறுவர்கள் எடுக்கும் ஆபத்து வெகுவாகக் கூடுகிறது, பெரியவர்களிடம் மாற்றமே இல்லை. இதைச் சொல்லி 'சேர்க்கை சரியில்லை' என்று முடித்துவிடுவது நம் வழக்கம். ஆனால் அதே பாதை மறுபக்கமும் ஓடும். தோழி 'வா, நானும் வருகிறேன், ஆலோசகரிடம் போகலாம்' என்றால், அம்மாவோ ஆசிரியரோ சொல்லி நடக்காதது நடந்துவிடுகிறது.

சிங்கப்பூர் இதைப் புரிந்துகொண்டது என்றுதான் சொல்ல வேண்டும். 2022க்குள் எல்லாப் பள்ளிகளிலும் சக மாணவர் ஆதரவு அமைப்பு இருக்கும் என்று 2020 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் அமைச்சு அறிவித்தது. ஒவ்வொரு பள்ளியிலும் சில மாணவர்களுக்குப் பயிற்சி கொடுப்பார்கள்: காது கொடுத்துக் கேட்பது, வாக்குவாதம் செய்யாமல் இருப்பது, எந்த இடத்தில் ரகசியத்தை உடைத்துப் பெரியவரிடம் போவது. கடைசியாகச் சொன்னதுதான் கடினம். பதினைந்து வயதில் ரகசியம் காப்பது நட்பின் முதல் சட்டம். அந்தச் சட்டத்தை மீறும் உரிமையைப் பள்ளி முன்கூட்டியே, எல்லாருக்கும் தெரியும்படி கொடுத்திருந்தால்தான் பிள்ளை துணியும்.

இதில் ஓர் அபாயம் உண்டு. மிசூரி பல்கலைக்கழகத்தின் அமாண்டா ரோஸ், 813 பிள்ளைகளை ஆறு மாதம் பின்தொடர்ந்து 2007இல் வெளியிட்ட ஆய்வு அதைக் காட்டுகிறது. இரண்டு தோழிகள் ஒரே கவலையைத் திரும்பத் திரும்ப அலசிக்கொண்டே இருந்தால் நட்பு இறுகுகிறது, கூடவே மனச்சோர்வும் பதற்றமும் ஏறுகின்றன. பையன்களிடம் நட்பு மட்டும் இறுகியது. ஆக, 'பேசினால் பாரம் குறையும்' என்பது பாதி உண்மை. பேச்சு எங்காவது போய்ச் சேர வேண்டும். இரண்டு பேருக்குள்ளேயே சுற்றினால் பாரம் இரண்டு பேருக்குமாகிவிடும். சக மாணவர் ஆதரவு என்ற பெயரில் ஒரு பதினான்கு வயதுச் சிறுமியை இலவச மருத்துவராக்கிவிட்ட பள்ளி, அமைப்பு இருக்கிறது என்று படிவத்தில் குறியிடலாம், ஆனால் அந்தச் சிறுமியின் இரவுத் தூக்கத்துக்கு யார் பொறுப்பு?

பேச்சு போய்ச் சேரும் இடம் சிங்கப்பூரில் ஓரளவு நன்றாகவே கட்டப்பட்டிருக்கிறது. பள்ளிதோறும் ஆலோசகர் இருக்கிறார். அவருக்குப் பின்னால் 'ரீச்'. 2007இல் மனநலக் கழகத்தின் சிறுவர் வழிகாட்டி மருந்தகம் தொடங்கிய நடமாடும் குழு அது. மருத்துவர், உளவியலாளர், தாதி, மருத்துவச் சமூகப் பணியாளர், தொழில்வழிச் சிகிச்சையாளர் எல்லாரும் அதில் உண்டு. வடக்கு வட்டாரப் பள்ளிகளில் தொடங்கி மற்ற வட்டாரங்களுக்கும் விரிந்தது. ஆலோசகருக்குச் சந்தேகம் வந்தால் தொலைபேசியில் கேட்கலாம். தேவைப்பட்டால் குழு பள்ளிக்கே வரும்.

பிள்ளை மருத்துவமனைக்குப் போகாமல் மருத்துவமனை பிள்ளையிடம் வருவதன் மதிப்பு, இந்த ஊரின் வரலாறு தெரிந்தவர்களுக்குப் புரியும். 1928இல் யியோ சூ காங்கில் மனநோய் மருத்துவமனை எழுந்தது. 1951இல் அதற்கு உட்பிரிட்ஜ் என்று பெயர் சூட்டினார்கள். 1993இல் புவாங்கோக்கில் புதிய வளாகம் கட்டி, மனநலக் கழகம் என்று மறுபடி பெயர் மாற்றினார்கள். முகவரியும் பெயர்ப் பலகையும் மாறின, பயம் மாறச் சுணங்கியது. உட்பிரிட்ஜ் என்ற சொல்லே வசவாகப் புழங்கிய தலைமுறை இன்று தாத்தா பாட்டி. பெண் பார்க்க வருகிறவர்கள் காதில் விழுந்தால் என்னாகும் என்று கணக்குப் போடும் குடும்பத்தில், பள்ளிக்கூடத்து அறையில் ஒரு டீச்சரைப்போல வந்து உட்காரும் உளவியலாளரை ஏற்பது எளிது.

2021 ஜூலையில் ரிவர் வேலி உயர்நிலைப் பள்ளியில் ஒரு மாணவன் உயிரிழந்த துயரம், இந்த ஏற்பாடுகளை நாடே கேள்வி கேட்க வைத்தது. அந்த மாதமே கல்வி அமைச்சர் சான் சுன் சிங் நாடாளுமன்றத்தில் அறிக்கை வாசித்தார். ஆண்டிறுதித் தேர்வுகளின் பாடச்சுமை குறைந்தது. ஆலோசனைப் பயிற்சி பெற்ற ஆசிரியர்களின் எண்ணிக்கையை ஆயிரத்துக்கு மேல் உயர்த்தும் திட்டம் வந்தது. அதற்கு முன்பே, 2020 ஜனவரி 1 முதல், தற்கொலை முயற்சி சிங்கப்பூரில் குற்றமில்லை என்றாகியிருந்தது. சட்டப் புத்தகத்தில் ஒரு பிரிவு நீங்கியதால், 'போலீசுக்குத் தெரிந்துவிடுமோ' என்ற ஒரு தடை தோழியின் மனத்திலிருந்து நீங்கியது. 1969இல் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்ஓஎஸ்ஸின் 1767 என்ற எண்ணும், 2025 ஜூன் முதல் இயங்கும் 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணும் இரவு பகலாகத் திறந்திருக்கின்றன. இந்தப் பக்கத்தைப் படிப்பவருக்கு இப்போதே தேவைப்பட்டால், மிச்சத்தைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

ஆசிரியர்களையே ஆலோசகர்களாக்குவதைப் பற்றி எனக்கு ஒரு தயக்கம் உண்டு. அதற்குக் காரணம் பீகார். நாளந்தா மாவட்டத்தில் 74 அரசுப் பள்ளிகளில், விக்ரம் பட்டேல் முதலானோர் கோவாவின் சங்காத் அமைப்போடு சேர்ந்து ஒரு சோதனை நடத்தினார்கள். 'சேஹர்' என்று பெயர். ஒன்பதாம் வகுப்பில் பதின்மூவாயிரம் பிள்ளைகள். காலைக் கூட்டத்தில் பேச்சு, சுவர்ப் பத்திரிகை, மனத்தில் உள்ளதை எழுதிப் போட ஒரு பெட்டி, கேலிக்கும் அடிதடிக்கும் எதிரான பள்ளி விதி, தேவைப்பட்டவருக்குத் தனியே ஆலோசனை. ஒரு பகுதிப் பள்ளிகளில் இதையெல்லாம் பள்ளியின் ஆசிரியரே நடத்தினார். இன்னொரு பகுதியில், மனநலப் பட்டம் ஏதுமில்லாத, பயிற்சி மட்டும் பெற்ற வெளி ஆள் நடத்தினார். திட்டம் ஒன்றே, கையேடு ஒன்றே. வெளி ஆள் நடத்திய பள்ளிகளில் மனச்சோர்வு குறைந்தது, கொடுமைப்படுத்தல் குறைந்தது, பள்ளியின் சூழல் பெரிதும் மேம்பட்டது. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் எதுவும் அசையவில்லை. 2018இல் 'லான்செட்'டில் வெளிவந்த இந்த முடிவு, இந்தியாவிலிருந்து வந்த மனநல ஆய்வுகளில் மிகவும் யோசிக்க வைப்பது.

ஆசிரியர்கள் மோசமானவர்கள் என்று இதற்குப் பொருளில்லை. மதிப்பெண் போடும் கை, வருகைப்பதிவு எடுக்கும் கை, பெற்றோரை வரச்சொல்லிக் கடிதம் எழுதும் கை அது. அந்தக் கையிடம் ஒரு பிள்ளை என்னத்தைக் கொடுக்கும்? தவிர, பாடம் முடிக்கும் அவசரத்தில் சுவர்ப் பத்திரிகைதான் முதலில் விடுபடும். சிங்கப்பூர் ஆசிரியர் நாளந்தா ஆசிரியரைவிட வசதியாக இருக்கலாம், ஓய்வாக இல்லை.

மதிப்பெண் என்று வந்துவிட்டதால் தேர்வுக்குப் போவோம். 2015இல் நடந்த, பல நாட்டு மாணவர்களை ஒப்பிடும் பீசா ஆய்வில், நன்றாகத் தயாரித்திருந்தாலும் தேர்வென்றால் மிகவும் பதறுவதாகச் சொன்ன சிங்கப்பூர் மாணவர்கள் 76 விழுக்காடு. வளர்ந்த நாடுகளின் சராசரி 55. அதே ஆய்வில் கணிதத்திலும் அறிவியலிலும் வாசிப்பிலும் உலகிலேயே முதலிடம். இரண்டையும் சேர்த்துப் படித்த அரசு, மெல்ல மெல்ல இறுக்கத்தைத் தளர்த்தியது. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் மற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டுத் தரம் போடும் பழைய புள்ளி முறை 2021இல் போனது; உன் தாளுக்கு உன் தரம் என்றானது. அரையாண்டுத் தேர்வு 2023க்குள் தொடக்கநிலையிலும் உயர்நிலையிலும் எல்லா வகுப்பிலும் நீங்கியது. 2024இல் உயர்நிலை ஒன்றுக்கு வந்தவர்கள் விரைவு, வழக்கம் என்ற பிரிவுகள் இல்லாமல் வந்தார்கள்.

தேர்வு விதியை மாற்றினால் உயிர் பிழைக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 1986இல் சென்னையில் சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார், தேர்வில் தோற்ற பிள்ளைகளின் தற்கொலைகளைப் பார்த்து எளிமையான ஒன்றைக் கேட்டார்: தோற்றவர்களுக்கு உடனே இன்னொரு வாய்ப்பு. முன்பெல்லாம் ஒரு பாடத்தில் தவறினால் ஓராண்டு போச்சு. கூடப் படித்தவர்கள் கல்லூரிக்குப் போய்விடுவார்கள். துணைத்தேர்வு வந்தபின் அதே கோடையில் எழுதி, அதே ஆண்டு சேர்ந்துவிடலாம். எந்தப் பிள்ளைக்கும் மூச்சுப் பயிற்சி தரவில்லை. நாட்காட்டியை மட்டும் திருத்தினார்கள்.

சிங்கப்பூரில் பள்ளி விட்டுக்கொடுத்த இடம் காலியாக இருக்கவில்லை. அரையாண்டுத் தேர்வு போனதும் சில துணைப்பாட நிலையங்கள் தாங்களே மாதிரித் தேர்வு வைத்தன. 2018இல் குடும்பங்கள் துணைப்பாடத்துக்குச் செலவிட்டது ஆண்டுக்கு 140 கோடி வெள்ளி. 2023இல் 180 கோடி. எட்டே காலுக்குப் பள்ளி தொடங்கினாலும் இரவு ஒன்பதரைக்குக் கணித வகுப்பு முடிந்தால், கூடுதலாகக் கிடைத்த இருபத்து மூன்று நிமிடமும் அங்கேயே கரைந்துவிடும். பள்ளியின் அதிகாரம் வாயிற்கதவோடு முடிகிறது.

ஆனால் துணைப்பாடம் என்றதும் எனக்குச் சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் பீட்டி ரோடுதான் நினைவுக்கு வருகிறது. 1991இல் தொடங்கிய சிண்டா அங்கே இருக்கிறது. இந்தியப் பிள்ளைகள் படிப்பில் பின்தங்கியதைக் கண்டு எழுந்த அமைப்பு அது; குறைந்த கட்டணத்தில் தீவெங்கும் துணைப்பாட வகுப்புகள் நடத்துகிறது, குடும்பங்களுக்கு ஆலோசனையும் தருகிறது. அதே தெருவில் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம். தங்கள் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாத பிள்ளைகள் வந்து படிக்கும் இடம். இரண்டு இடத்திலும் ஓர் அபூர்வம் நடக்கிறது: வெவ்வேறு பள்ளிப் பிள்ளைகள், தங்கள் வகுப்பின் கண் படாத இடத்தில், வாரா வாரம் சந்திக்கிறார்கள். வகுப்பில் யாரிடமும் சொல்ல முடியாததை வேறு சீருடை போட்ட ஒருத்தியிடம் சொல்லலாம். அங்கே போடும் மதிப்பெண் எந்தச் சான்றிதழிலும் ஏறாது.

சேஹரை நாளந்தாவிலிருந்து இங்கே கொண்டுவருவதென்றால், நான் அதைப் பள்ளியில் தொடங்கமாட்டேன். இத்தகைய வகுப்புகளில் தொடங்குவேன். துணைப்பாட மையங்களைக் குலுக்கிப் பாதியாகப் பிரிக்கலாம். ஒரு பாதியில், பாடம் நடத்தாத ஓர் ஆளை வைக்கலாம்: தமிழும் ஆங்கிலமும் சரளமாகப் பேசும் அக்காவோ அண்ணனோ, ஐந்தாறு மாதப் பயிற்சியோடு, எப்போது ரீச் குழுவுக்கு வழிவிட வேண்டும் என்று தெரிந்தவராக. ஒரு சுவர்ப் பத்திரிகை, ஒரு பெட்டி, 'யாம்' போல நடித்துப் பார்க்கும் கால் மணி நேரம். மனச்சோர்வை அளக்க ஒன்பதே கேள்விகள் கொண்ட வினாத்தாளை நாளந்தாவில் பயன்படுத்தினார்கள், அதுவே போதும். ஓராண்டுக்கு முன் முடிவு பார்க்கக் கூடாது, ஏனென்றால் நாளந்தாவில் பலன் எட்டு மாதத்தைவிடப் பதினேழு மாதத்தில்தான் கூடுதலாகத் தெரிந்தது. சம்மதப் படிவத்தில் பெற்றோரிடம் ஒன்றை ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும்: கணிதத்துக்கு உரிய நேரத்திலிருந்துதான் அந்தக் கால் மணி நேரம் எடுக்கப்படும். எத்தனை பேர் கையெழுத்திடுகிறார்கள் என்பது அந்த ஆய்வின் முதல் தரவாக இருக்கும்.